பேசும் கைகள்



"வாசகத்தைப் பத்து முறை படித்துவிட்டேன். உச்சரிப்பும் சரியாக வருகிறது. ஆனால் கையை எங்கே வைத்துக்கொள்வது?" பங்குகளில் வாசகர் பயிற்சி நடக்கும்போது தவறாமல் எழும் கேள்வி இது. மறைக்கல்வி ஆண்டு விழாவில் பேச வரும் சிறுமிக்கும், அன்பிய ஆண்டு விழாவில் நன்றியுரை சொல்ல வரும் பெரியவருக்கும், தவக்காலத்தில் பாடுகளின் நாடகத்தில் பிலாத்துவாக நிற்கும் இளைஞருக்கும் இதே தடுமாற்றம்தான். வாய்க்கு வார்த்தை இருக்கிறது. கைக்கு என்ன இருக்கிறது? சிலர் இரு கைகளையும் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். சிலர் வாசக மேடையை இறுகப் பற்றிக்கொள்கிறார்கள். சிலர் சேலை முந்தானையைத் திருகிக்கொண்டே முழு வாசகத்தையும் முடித்துவிடுகிறார்கள்.

இது சிறிய காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. கை நடுங்கியதைப் பார்த்து யாரோ சிரித்துவிட்டார்கள் என்பதற்காக, அதன்பின் வாசக மேடைப் பக்கமே வராமல் போனவர்கள் நம் பங்குகளில் உண்டு. நல்ல குரலும் ஆழ்ந்த விசுவாசமும் உள்ள ஒருவர் ஒதுங்கிப் போகும்போது இழப்பு அவருக்கு மட்டுமல்ல. இறைவார்த்தையைக் கேட்க வந்த அனைவருக்கும்தான். எனவே கைகளைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம்.

கை ஏன் தடுமாறுகிறது?

வீட்டில் பேசும்போது யாருக்கும் கை பாரமாகத் தெரிவதில்லை. வெளியூரிலிருந்து வரும் உறவினருக்குத் தொலைபேசியில் வழி சொல்லும் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். "அசோக் நகர் தூண் வந்ததும் இடது பக்கம் திரும்புங்க" என்று சொல்லும்போது அவருடைய இடது கையும் திரும்பும். எதிரில் யாரும் இல்லை. கேட்பவருக்கு அந்தக் கை தெரியவும் தெரியாது. இருந்தாலும் கை பேசுகிறது.

கை அசைவு என்பது மற்றவர்களைப் பார்த்து நாம் கற்றுக்கொண்ட பழக்கம் மட்டும்தானா? அமெரிக்க ஆய்வாளர்கள் ஜானா ஐவர்சன், சூசன் கோல்டின்-மெடோ ஆகியோர் 1998இல் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளைகளும் பேசும்போது கைகளை அசைக்கிறார்கள் என்று அது காட்டியது. எதிரில் இருப்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்திருந்தும் அவர்கள் அசைத்தார்கள். யாருடைய கையையும் ஒருமுறைகூடப் பார்த்திராத பிள்ளைகள் அவர்கள்! கோல்டின்-மெடோவும் அவரது குழுவினரும் 2001இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், கணக்கை விளக்கும்போது கையை அசைத்தவர்களுக்கு, அசைக்காமல் விளக்கியவர்களைவிட மற்றக் காரியங்கள் கூடுதலாக நினைவில் நின்றன. கை அசையும்போது மனத்தின் சுமை குறைகிறது என்பது அவர்களுடைய முடிவு.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் தெரிகின்றன. ஒன்று, கை அசைவு பேச்சின் மேல் ஒட்டப்படும் அலங்காரம் அல்ல. பேச்சோடு சேர்ந்தே பிறப்பது. இரண்டு, பயத்தில் கையைக் கட்டிப்போட்டால் பேச்சும் கட்டுண்டுபோகும். மேடையில் கை தடுமாறுவதற்குக் காரணம், அங்கே நாம் சொல்ல வந்த செய்தியை விட்டுவிட்டு நம்மையே பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். "எல்லாரும் என்னைப் பார்க்கிறார்களே!" என்ற நினைப்பு வந்தவுடன், இத்தனை நாள் நமக்குத் தெரியாமலே வேலை செய்த கை திடீரென இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிகிறது. இதற்கு மருந்து, கவனத்தை நம்மிடமிருந்து எடுத்துச் செய்தியிடமும் கேட்பவர்களிடமும் ஒப்படைப்பதே.

விவிலியத்தில் பேசும் கைகள்

நம் ஆண்டவர் இயேசு வாயால் மட்டும் போதிக்கவில்லை. தாயும் சகோதரர்களும் வெளியே காத்திருக்கிறார்கள் என்று சொல்லப்பட்டபோது, தம் சீடர் பக்கம் கையை நீட்டிக் காட்டி அவர்களையே தம் குடும்பம் என்றார் (மத் 12:49). அந்தக் கையை எடுத்துவிட்டு அந்தச் சொல்லை மட்டும் கேட்டுப் பாருங்கள். யாரைச் சொல்கிறார் என்றே விளங்காது. அங்கே கை, சொல்லின் பாதிப் பொருளைத் தாங்கி நிற்கிறது.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் நடந்ததை லூக்கா எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்! இயேசு வாசிக்க எழுந்தார். சுருளேடு அவரிடம் கொடுக்கப்பட்டது. அவர் அதைப் பிரித்தார். வாசித்த பின் சுருட்டினார். ஏவலரிடம் கொடுத்தார். அமர்ந்தார். எல்லாருடைய கண்களும் அவர்மேல் பதிந்திருந்தன (லூக் 4:16-20). வாசகர் ஒவ்வொருவரும் தியானிக்க வேண்டிய பகுதி இது. வாசிப்பதற்கு முன்னும் பின்னும் அவருடைய கைகள் செய்தவை மிகச் சில செயல்கள்தாம். அவற்றில் அவசரமும் இல்லை, ஆடம்பரமும் இல்லை. ஆனால் அந்த அமைதியே மக்களுடைய கண்களைக் கட்டிப்போட்டது.

புனித பவுலைப் பாருங்கள். எருசலேமில் தம்மைக் கொல்லத் துடித்த கூட்டத்தின் முன் படிக்கட்டில் நின்று கையால் சைகை காட்டினார், பேரமைதி உண்டாயிற்று, பிறகே பேசத் தொடங்கினார் (திப 21:40). அகிரிப்பா மன்னன் முன்னும் கையை நீட்டியே தம் வாதத்தைத் தொடங்கினார் (திப 26:1). அதே உரையின் முடிவில் தம்மைப் பிணைத்திருந்த விலங்குகளைப் பற்றிப் பேசுகிறார் (திப 26:29). அரசன் முன் பவுல் நீட்டியது நற்செய்திக்காக விலங்கு சுமந்த கை! அவர் வாய் சொன்னதற்கு அந்தக் கையே சாட்சி. எந்தப் பேச்சுப் பயிற்சியும் தர முடியாத வலிமை அது.

நம் மண்ணின் கைகள்

கைகளைப் பற்றிப் பேச நம் மக்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அடையாற்றில் 1936இல் தொடங்கப்பட்டு இன்று திருவான்மியூரில் இயங்கும் கலாக்ஷேத்ராவில் பரதம் பயிலும் பிள்ளைகள், அபிநய தர்ப்பணம் என்னும் நூல் தொகுத்துச் சொல்லும் 28 ஒற்றைக் கை முத்திரைகளைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். இரு கைகளும் இணையும் முத்திரைகளில் முதலாவது அஞ்சலி. அதாவது நாம் தினமும் கைகூப்பும் அதே வணக்கம்!

தமிழிலோ இன்னும் பயனுள்ள ஒரு பாகுபாடு உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், அவிநயக் கைகளை எழிற்கை, தொழிற்கை, பொருட்கை என்று பிரித்துக் காட்டுகிறார். அழகுக்காகக் காட்டுவது எழிற்கை. ஒரு தொழிலைச் செய்து காட்டுவது தொழிற்கை. ஒரு பொருளைப் புலப்படுத்துவது பொருட்கை. ஆடல் அரங்கத்திற்காகச் சொல்லப்பட்ட இந்தப் பாகுபாடு நம் பங்கு மேடைக்கும் பொருந்துகிறது. பேச்சாளர்கள் பலர் சறுக்குவது எழிற்கையில்தான். "வானம்" என்றால் கை மேலே, "உள்ளம்" என்றால் கை மார்பில், "உலகம்" என்றால் இரு கைகளும் வட்டமாக என்று பேச்சுப் போட்டிக்காகக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கை சொல்லுக்குப் பின்னால் ஓடி வருகிறது; அல்லது சொல் வருவதற்கு முன்பே மேலே போய்க் காத்து நிற்கிறது. கேட்பவர்களுக்குக் குழந்தையின்மேல் பாசம் வருகிறதே தவிர, செய்தி போய்ச் சேர்வதில்லை.

நடனக் கலைஞரின் கை பல ஆண்டுப் பயிற்சியில் வார்க்கப்பட்டது. அதற்கு இலக்கணம் உண்டு. அந்த இலக்கணத்தைக் கொண்டே நற்செய்தியைச் சொன்னவர்களும் நம்மிடையே உண்டு. அருள்பணி ஜார்ஜ் அடிகளார் 1977இல் திருச்சியில் தொடங்கிய கலைக்காவிரி, கிறிஸ்தவக் கருப்பொருள்களைப் பரதத்தில் மேடையேற்றியது. பரதக் கலைஞர் பிரான்சிஸ் பர்போசா கிறிஸ்தவ மறைபொருள்களைக் காட்டப் புதிய கை முத்திரைகளையே அமைத்தார். ஆனால் பேச்சாளரின் கைக்கு அந்த இலக்கணம் தேவையில்லை. அதற்குத் தேவை உண்மை.

திருச்சபையும் நம் மண்ணின் கைகளுக்கு இடம் கொடுத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1969 ஏப்ரலில் இந்தியாவுக்கென உரோமை அனுமதித்த 12 வழிபாட்டுத் தழுவல்களில் கைகளைப் பற்றியவை பல. முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ்ந்து வணங்கலாம். சமாதானத்தைக் கைகூப்பிப் பகிரலாம். முத்தமிடுவதற்குப் பதிலாகப் புனிதப் பொருளைக் கையால் தொட்டுக் கண்களிலோ நெற்றியிலோ ஒற்றிக்கொள்ளலாம். நம் பாட்டிமார் யாரும் சொல்லாமலே செய்துவந்ததுதான் இது!

அசோக் நகரிலிருந்து சைதாப்பேட்டை வழியாகச் சிறிது தூரம் போனால் சின்னமலை. புனித தோமையார் தங்கிச் செபித்ததாக நம் முன்னோர் போற்றும் குகை அங்கே இருக்கிறது. அங்கே பாறையில் பதிந்துள்ள ஒரு தடத்தை அவருடைய கைத்தடம் என்று மக்கள் வணங்கி வருகிறார்கள். ஆண்டவரின் விலாவில் இடும்படி அழைக்கப்பட்டது அந்தத் தோமையாரின் கை (யோவா 20:27). இந்த மண்ணில் அவர் என்ன மொழியில், எந்தச் சொற்களில் பேசினார் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. மக்கள் நினைவில் பதித்துக்கொண்டது அவருடைய கையை!

மூன்று இடங்கள், மூன்று விதங்கள்

கையை இயல்பாகப் பயன்படுத்துவது என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பயன்படுத்துவது அல்ல. பங்கில் நாம் நிற்கும் இடங்கள் மூன்று. மூன்றுக்கும் தேவை வேறு.

1. வாசக மேடை

இங்கே நாம் நம் சொற்களைச் சொல்வதில்லை. இறைவனின் சொற்களுக்கு நம் குரலைக் கடன் கொடுக்கிறோம். எனவே இங்கே கை அடக்கமாக இருப்பதே இயல்பு. உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை (எண் 42), வழிபாட்டின் சைகைகளும் உடல் நிலைகளும் மேன்மையான எளிமையோடு விளங்க வேண்டும் என்று கேட்கிறது. எசாயாவின் சினத்தையோ எரேமியாவின் அழுகையையோ கையால் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. குரலும் நிறுத்தங்களும் போதும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை எளிதானவை. இரு உள்ளங்கைகளையும் வாசக நூலின் இரு ஓரங்களில் மெதுவாக வைத்துக்கொள்ளுங்கள், பற்றிக்கொள்ளாதீர்கள். தேவைப்பட்டால் ஒரு விரல் வரியின் ஓரமாகக் கூடவே வரட்டும். மக்களை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும்போது இடம் தவறாது. தனித் தாளைக் கையில் பிடித்து வாசித்தால் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும். தாளை மேடைமேல் வைத்துவிட்டால் நடுக்கம் யாருக்கும் தெரியாது. ஒலிவாங்கியைத் தட்டிப் பார்ப்பதும் "ஹலோ, ஹலோ" சொல்வதும் வேண்டாம். அதைத் திருப்பலிக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். வாசகம் முடிந்ததும் உடனே ஓடிவிடாமல், மக்கள் மறுமொழி சொல்லும்வரை கைகள் நூலின் மேலேயே இருக்கட்டும்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010இல் வெளியிட்ட 'ஆண்டவரின் வார்த்தை' என்னும் ஏடு (எண் 58), வாசகர்களுக்கு விவிலியப் பயிற்சி, வழிபாட்டுப் பயிற்சி ஆகியவற்றோடு வாசிப்பு முறையிலும் பயிற்சி வேண்டும் என்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021 ஜனவரியில் வாசகர் திருப்பணியைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். எனவே இந்தப் பயிற்சி இனி ஏதோ சிலருடைய விருப்பம் அல்ல. பங்கு முழுவதின் பொறுப்பு.

2. பேச்சு மேடை

மறையுரையாகட்டும், அன்பியக் கூட்டத்தில் பகிர்வாகட்டும், விழாவில் வரவேற்புரையாகட்டும், இங்கே நாம் மக்களோடு உரையாடுகிறோம். கை தாராளமாகப் பேசலாம். திருத்தந்தை பிரான்சிஸ் 'நற்செய்தியின் மகிழ்ச்சி' என்னும் திருத்தூது ஊக்கவுரையில் (2013, எண் 140) மறையுரையாளரின் நெருக்கம், குரலின் கனிவு, பேச்சின் எளிமை ஆகியவற்றோடு சைகைகளில் தெரியும் மகிழ்ச்சியையும் சேர்த்தே சொல்கிறார். மறையுரையின் கருத்தை மட்டும் தயாரித்தால் போதாது என்பது இதன் பொருள்.

முதலாம் நூற்றாண்டில் உரோமையில் பேச்சுக்கலை கற்பித்த குயின்டிலியன், கை அசைவுகளைப் பற்றி நெடிய அதிகாரமே எழுதினார். அவர் தரும் விதிகளில் பல இன்று நமக்கு உதவாது. ஒன்று மட்டும் உதவும்: கையின் அசைவு கருத்தோடு தொடங்கிக் கருத்தோடு முடிய வேண்டும். ஒரு கருத்துக்கு ஓர் அசைவு. கருத்து முடிந்ததும் கை தன் இடத்துக்குத் திரும்பட்டும். ஓயாமல் ஆடும் கை, கமாவும் முற்றுப்புள்ளியும் இல்லாத எழுத்தைப் போன்றது.

கையின் "இடம்" எது? இடுப்புக்குச் சற்று மேலே, உடலுக்கு முன்னால், ஒரு கை மற்றக் கையை மெல்லத் தொட்டபடி. கைகளைப் பின்னால் கட்டினால் விசாரணைக்கு நிற்பது போலத் தோன்றும். மார்பின் குறுக்கே கட்டினால் மக்களைத் தள்ளி நிறுத்துவது போலத் தோன்றும். சட்டைப் பையில் விட்டால் அங்கிருக்கும் சில்லறையும் சாவியும் உங்களுக்கு முன்பே பேசத் தொடங்கிவிடும்! இடத்தின் அளவையும் பார்க்க வேண்டும். அன்பியத்தில் இருபது பேர் உட்கார்ந்திருக்கும் வீட்டுக் கூடத்தில் முழங்கைக்குக் கீழே அசைந்தால் போதும். கொடியேற்ற நாளில் கோவில் மைதானத்தில் கடைசி வரிசையில் நிற்பவருக்குத் தோளிலிருந்து எழும் கைதான் தெரியும்.

நம் ஊர் மரியாதையையும் மறக்க வேண்டாம். ஆள்காட்டி விரலை மக்கள் பக்கம் நீட்டிப் பேசினால், சொல்வது எவ்வளவு நல்ல கருத்தானாலும் அது குற்றச்சாட்டாகவே காதில் விழும். அதே கருத்தைத் திறந்த உள்ளங்கையோடு சொன்னால் அழைப்பாகிவிடும். மனமாற்றத்தைப் பற்றிப் பேசும் மறையுரையாளர் அந்த விரலைத் தம் பக்கமும் ஒருமுறை திருப்பினால் மக்களுடைய மனம் தானாகத் திறக்கும். மூன்று கருத்துகளை எண்ணிச் சொல்வதானால், நம் வீட்டுப் பெரியவர்கள் கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணுவார்களே, அப்படியே எண்ணலாம். அதுவே நமக்கு இயல்பு.

3. நாடக மேடை

தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளை மேடையேற்றும் மரபு தமிழ்க் கத்தோலிக்கருக்கு மிக நெருக்கமானது. ஈழத்தில் மரியசேவியர் அடிகளார் 1965இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் நாடகங்களைப் பல ஆண்டுகளாக மேடையேற்றி அந்தக் கலையைப் பேணி வந்துள்ளது. தமிழகத்துக் கிராமப் பங்குகளிலும் பாஸ்கா நாடகங்கள் இரவெல்லாம் நடந்த காலம் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத நாள்களில், தீப்பந்த வெளிச்சத்தில், தொலைவில் அமர்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கூத்தரின் கைகள் அகல விரிந்தன. அன்று அது தேவை. இன்று ஒலிவாங்கி இருக்கிறது. பல பங்குகளில் நேரலைப் படக்கருவியும் இருக்கிறது. படக்கருவி மிக அருகில் வந்து பார்க்கும்போது, அன்றைய பெரிய அசைவு மிகையாகத் தெரிகிறது.

நடிப்பவருக்குச் சொல்லக்கூடிய ஒரே அறிவுரை: கைக்கு ஒரு வேலை கொடுங்கள். "சோகத்தைக் காட்டு" என்றால் எந்தக் கைக்கும் வழி தெரியாது. பாடுகளின் வரலாற்றிலோ ஒவ்வொரு கைக்கும் ஒரு வேலையை நற்செய்தியாளர்களே கொடுத்திருக்கிறார்கள். பிலாத்து கைகளைக் கழுவுகிறான் (மத் 27:24). பேதுரு குளிர்காய்கிறார் (யோவா 18:18). யூதாசு வெள்ளிக் காசுகளைக் கோவிலில் எறிகிறான் (மத் 27:5). சீரேனே ஊரானாகிய சீமோன் சிலுவையைத் தாங்குகிறார் (மாற் 15:21). பிலாத்துவாக நடிப்பவர் முகத்தைக் கோணிக்கொள்ள வேண்டியதில்லை. உண்மையிலேயே தண்ணீரை ஊற்றச் சொல்லி, விரல் இடுக்குகளையும் மெதுவாகத் தேய்த்துக் கழுவி, துணியில் துடைத்தால் போதும். மக்கள் அந்தக் கைகளில் தங்கள் கைகளைப் பார்த்துவிடுவார்கள். பேதுருவாக நடிப்பவர், "அந்த மனிதரை எனக்குத் தெரியாது" என்னும் பொருள்பட மறுத்துப் பேசும்போதும் நெருப்பின் மேல் நீட்டிய கையை எடுக்காமல் இருக்கட்டும். ஆண்டவர் குளிரில் நிற்க, அவருடைய நண்பன் கை காய்ந்துகொண்டிருக்கிறான்! வேறு நடிப்பு எதற்கு?

குரல் நின்றபோது

கையைப் பற்றி நமக்குப் பாடம் சொல்லித்தந்த ஒரு திருத்தந்தையை இங்கே நினைவுகூர்வது நல்லது. புனித இரண்டாம் யோவான் பவுல் இளமையில் நாடக நடிகர். இரண்டாம் உலகப் போரில் நாசிகள் போலந்தை ஆண்ட காலத்தில், 1941இல் கிராக்கோவில் மறைவாகத் தொடங்கப்பட்ட ரப்சோடிக் நாடகக் குழுவில் அவர் நடித்தார். அந்தக் குழுவின் கொள்கை, சொல்லுக்கே முதலிடம். அசைவும் மேடைப் பொருள்களும் மிகக் குறைவு. வீடுகளின் அறைகளில் சிலர் முன் நடித்த அவர்களுக்கு ஒவ்வோர் அசைவும் எண்ணி எடுத்ததாக இருந்தது. பின்னாளில் இலட்சக்கணக்கான மக்களின் முன் அவருடைய கை எழுந்தபோது அது வீணாக எழவில்லை. 1986 பிப்ரவரியில் நம் சென்னைக்கு வந்து சாந்தோமில் திருத்தூதரின் கல்லறையில் செபித்தவரும் அவர்தான்.

2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழா. நோயுற்ற திருத்தந்தை தம் அறையின் சன்னலில் தோன்றினார். ஒலிவாங்கி கொண்டுவரப்பட்டது. பேச முயன்றார். குரல் வரவில்லை. புனித பேதுரு சதுக்கத்தில் கூடியிருந்த மக்களுக்கு மௌனமாகக் கையால் சிலுவை அடையாளம் வரைந்து ஆசீர் அளித்தார். ஆறு நாள் கழித்து, ஏப்ரல் 2ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். வாழ்நாள் முழுவதும் சொல்லின் மனிதராக இருந்தவரின் கடைசி மறையுரைகளுள் ஒன்றை அவருடைய கை ஆற்றியது. அதைப் புரிந்துகொள்ள யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அண்மையில் நம் அண்டை மாநிலத்திலும் ஒரு நிகழ்வு. 2024 மே மாதம் கேரளத்தின் திருச்சூரில், திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த ஜோசப் தேர்மடம் அருள்பணியாளராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அவர் காது கேளாதவர், வாய் பேச இயலாதவர். இந்தியாவில் இத்தகைய முதல் அருள்பணியாளர் என்று செய்திகள் அவரைக் குறிப்பிட்டன. அவர் திருப்பலி நிறைவேற்றுவது சைகை மொழியில். கை எங்கே வைப்பது என்று நாம் கூச்சப்பட்டுக்கொண்டிருக்கும்போது, ஒருவர் தம் இரு கைகளாலேயே நற்செய்தியை அறிவிக்கிறார்!

கை பொய் சொல்லுமா?

வாயைப் பழக்கிவிடலாம், கையைப் பழக்குவது கடினம். "உங்களை மனதார வரவேற்கிறேன்" என்று வாய் சொல்லும். கை கடிகாரத்தைத் தொட்டுப் பார்க்கும். "எல்லாரும் சகோதரர்" என்று வாய் சொல்லும். சமாதானம் பகிரும் நேரத்தில் கை சிலரைத் தாண்டிப் போகும். மக்கள் எதை நம்புவார்கள்? கையைத்தான்.

இறைவனும் அப்படியே பார்க்கிறார். கைகளை விரித்து வேண்டிய மக்களிடமிருந்து தம் கண்களை மறைத்துக்கொள்வதாக எசாயா வழியாக அவர் சொன்னார். அந்தக் கைகளில் இரத்தக்கறை இருந்தது என்பதே காரணம் (எசா 1:15). ஞாயிறன்று வாசக நூலின்மேல் அமைதியாக வைக்கும் அதே கை, திங்களன்று வீட்டில் மனைவியின்மேல் ஓங்கப்பட்டால், அலுவலகத்தில் மேசைக்குக் கீழே நீட்டப்பட்டால், வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குக் கூலி கொடுக்கத் தயங்கினால், அந்தக் கையின் அடக்கம் வெறும் நடிப்பாகிவிடும். இயல்பான கை என்பது கடைசியில் பயிற்சியால் மட்டும் வருவதில்லை. வாழ்வும் வாக்கும் ஒன்றாகும்போது வருகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பாத்திரம் தேய்த்தும் செங்கல் சுமந்தும் காய்த்துப்போன கைகளை உடையவர்கள் நம் பங்குகளில் எத்தனை பேர்! "என் கையைப் பார்த்தால் நல்லாவா இருக்கும்? படித்தவங்க வாசிக்கட்டும்" என்று அவர்கள் பின்வாங்குகிறார்கள். அன்புக்குரியவர்களே, ஆண்டவரின் கைகளும் தச்சரின் கைகள்தாம் (மாற் 6:3). உயிர்த்த பின்பும் அவர் தம் சீடருக்குக் காட்டியது காயம்பட்ட கைகளையே (யோவா 20:20). உழைத்த கை வாசக நூலைத் தொடும்போது அந்த மேடைக்கு மதிப்புக் கூடுகிறது; குறைவதில்லை.

இறுதியாக மோசேயை நினைத்துக்கொள்வோம். தமக்கு நாவன்மை இல்லை என்று இறைவனிடமே வாதாடியவர் அவர் (விப 4:10). அமலேக்கியருக்கு எதிரான போரில் அவருடைய கைகள் உயர்ந்திருந்தபோது இஸ்ரயேல் வென்றது, தளர்ந்தபோது தோற்றது. அப்போது ஆரோனும் கூரும் ஆளுக்கொரு பக்கம் நின்று அவருடைய கைகளைத் தாங்கிக்கொண்டார்கள் (விப 17:8-13). மேடையில் ஒரு பிள்ளையின் கை நடுங்கும்போது, பீடத்தருகே ஒரு தாயின் குரல் தடுமாறும்போது, கீழே அமர்ந்திருக்கும் நாம் ஆரோனாகவும் கூராகவும் இருக்கிறோமா? அல்லது பக்கத்தில் இருப்பவரின் விலாவில் இடித்துச் சிரிக்கிறோமா? நடுங்கும் கை உறுதிப்படுவது பல நேரங்களில் நம் கண்களின் கனிவால்தான். திருப்பலி முடிந்ததும் அருகில் சென்று, "இன்றைக்கு வாசகம் நன்றாகப் புரிந்தது" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். அடுத்த வாரம் அந்தக் கை நடுங்காது.

சிந்தனைக்கு

1. வாசிக்கவோ பேசவோ நிற்கும்போது என் கவனம் என்மேல் இருக்கிறதா, இறைவார்த்தையின்மேல் இருக்கிறதா?

2. ஞாயிறன்று ஆலயத்தில் கூப்பும் என் கைகள், வார நாள்களில் யாருக்காகத் திறக்கின்றன? யாருக்கு எதிராக ஓங்குகின்றன?

3. கூச்சத்தால் ஒதுங்கி நிற்கும் யாரை இந்த மாதம் வாசகர் பணிக்கு அழைத்து வரலாம்?

4. தடுமாறும் ஒருவரின் கைகளை நான் கடைசியாகத் தாங்கியது எப்போது?

செபம்

அன்பு இறைவா, எங்களைப் படைத்த கைகள் உம்முடையவை. எங்களை மீட்கச் சிலுவையில் விரிந்த கைகள் உம் திருமகனுடையவை. எங்கள் கைகளையும் உமக்கே ஒப்படைக்கிறோம். வாசக மேடையில் அவை பணிவோடு இருக்கட்டும். மக்கள் முன் அவை உண்மையோடு பேசட்டும். உழைப்பில் சோராமல், கொடுப்பதில் தயங்காமல், தளர்ந்தவரைத் தாங்குவதில் முந்திக்கொள்ளட்டும். எங்கள் மண்ணில் நற்செய்தி அறிவித்த புனித தோமையாரின் பரிந்துரையால், எங்கள் வாயும் கையும் ஒரே சாட்சி சொல்ல அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.